ஒரு பட்டத்தோடு இன்னொரு படிப்பு

பெண்ணும் படிப்பும் – வாசகியர் கடிதமும் பதிலும்

சகோதரிகளே! இந்தத் தடவை மேலகரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். குற்றாலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊரும் அதுதான். எழுதியிருப்பவர் ஒரு தாய். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

கடிதம் இது:

“அக்காவுக்கு நமஸ்காரம். என் மூத்த பொண்ணு காலேஜ்ல பி.எஸ்ஸி. கணக்கு, ரெண்டாம் வருஷம் படிக்கா. நல்லாத்தான் படிக்கா. இப்ப திடீர்னு, பேரிடர் மேலாண்மைன்னு ஒரு படிப்பையும் சேர்த்துப் படிக்கப் போறேன்னு நிக்கா. அவ அப்பா, ‘ஒரு பட்டத்தை ஒழுங்கா முடி, மத்ததைப் பொறவு பாப்போம்’ங்காக. எங்க அத்தை, ‘வெள்ளம் வந்தா ஓடணும். ஓடுததுக்கு ஒரு படிப்பாட்டி?’ன்னு கேட்டுச் சிரிக்காக. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அந்தப் பையன் போனதுல இருந்துதான் இவளுக்கு இந்த எண்ணம். எனக்கு மூணு சந்தேகம். ஒரே நேரத்துல ரெண்டு படிப்புப் படிக்க விடுவாங்களா? கணக்குப் படிப்பு கெட்டுப் போகாதா? படிச்சா என்ன பிரயோஜனம், வேலை உண்டா? நீங்க சொன்னா வீட்டுல கேட்பாங்க.”

அம்மா, நான் சொன்னால் கேட்பார்களோ மாட்டார்களோ, ஆச்சி கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். உங்கள் மூன்று சந்தேகமும் அதற்குப் பிறகு.

ஓடுவதற்கு ஒரு படிப்பா?

ஆச்சி சொன்னது சரிதான். வெள்ளம் வந்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால் எப்போது ஓடுவது? எந்தப் பக்கம் ஓடுவது? கையில் குழந்தை, கூட வயதான மாமியார், கரையில் துணிமூட்டை என்று இருக்கும்போது எதை விட்டுவிட்டு எதைத் தூக்குவது? இதை எல்லாம் தண்ணீர் வந்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது.

2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறியடித்து ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. சாரல் சீசன் தொடங்குவதற்கு முன்னால், கோடை விடுமுறைக் காலத்தில் நடந்தது இது.

குற்றாலத்து அருவிகளின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்வது மேலே, மலைக்காட்டில். குளிப்பவர்கள் நிற்பது கீழே. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே கொட்டித் தீர்த்திருக்கும். சரிவு செங்குத்தானது, பாறை தண்ணீரைக் குடிக்காது. அதனால் பெய்த மழை சீக்கிரமே கீழே வந்து நிற்கிறது. வருவதற்கு முன் சில அடையாளங்கள் காட்டும். தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாகும். சருகும் குச்சியும் சேர்ந்து வரும். விழுகிற சத்தம் மாறும். இதில் ஒன்றைக் கண்டாலும், ‘இன்னும் ரெண்டு நிமிஷம் குளிச்சுட்டு வாரேன்’ என்பது கூடாது. ஏறிவிட வேண்டும். அதுவும் ஓடையின் போக்கிலே கீழ்நோக்கி ஓடுவது அல்ல. பக்கவாட்டில், மேட்டைப் பார்த்து ஏற வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிற குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் அறிவைத் தெரியாதவருக்கு, நேரத்துக்குள், புரிகிற மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுகிற படிப்பில் பாதி.

படிப்பில் என்ன இருக்கிறது?

பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, விஷயம் நாலு பங்குதான். நம் வீட்டு அடுப்படியையே வைத்துச் சொல்கிறேன். காஸ் ட்யூபைக் காலம் பார்த்து மாற்றுவது முதல் பங்கு – ஆபத்து வராமலே தணிப்பது. ரெகுலேட்டரை எப்படி மூடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து வைப்பது இரண்டாவது – ஆயத்தம். வாடை வந்ததும் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றுவது மூன்றாவது – எதிர்கொள்வது. எல்லாம் அடங்கிய பிறகு சேதத்தைச் சரிசெய்து, பயந்த பிள்ளையைத் தேற்றி, மறுபடி இப்படி நடக்காமல் பார்ப்பது நாலாவது – மீள்வது. வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அதுவே ஒரு ஜில்லாவுக்கும் பொருந்துகிறது. அளவுதான் பெரிசு.

இதைப் படிப்பாக மாற்றியவர்கள் யார் தெரியுமா? கனடாவில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6ஆம் தேதி இரண்டு கப்பல்கள் மோதி, வெடிமருந்துக் கப்பல் வெடித்து, ஏறக்குறைய 2,000 பேர் மாண்டார்கள். அந்த ஊரில் இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் என்ற பாதிரியார், அப்போது மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையே ஆராய்ந்து 1920இல் புத்தகமாக்கினார். 1963இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் வைத்தார்கள். அங்கே 1983இல் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் இதைத் தனி இளநிலைப் பட்டமாகவே ஆக்கிவிட்டது.

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. ஆபத்தில் ஜனங்கள் புத்தி பேதலித்துப் போய்விடுவதில்லை. முதலில் கை கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்தாரே. இதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் ஜில்லாக்களில் கொட்டியதே மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படை வந்து 19ஆம் தேதி எல்லோரையும் வெளியே கொண்டுவருகிற வரைக்கும், பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அந்த ஊர் அடுப்புகளில் நடந்ததற்குப் பெயரும் பேரிடர் மேலாண்மைதான்.

பெண்கள் ஏன் படிக்க வேண்டும்?

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் கணக்கெடுத்து 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் கடலூர் ஜில்லாவில் இறந்தவர்களில் ஆண்கள் 146, பெண்கள் 391 என்று அதில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு!

கடலுக்கு ஆண் என்றும் பெண் என்றும் தெரியுமா? தெரியாது. மீன்பிடிக்கப் போன ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை உயரவில்லை. பெண்கள் கரையிலே, படகு வருவதற்காக மீன் கூடையோடு காத்திருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் குழந்தைகளைத் தேடி ஓடினார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. மரம் ஏறிப் பழக்கமில்லை. புடவை காலைச் சுற்றியது.

இதில் எது தலையெழுத்து? ஒன்றுமில்லை. நீச்சல் கற்றுக்கொடுக்கலாம். எச்சரிக்கை முதலில் யார் காதுக்குப் போகிறது என்று பார்த்து, வீட்டில் இருக்கிற பெண்ணின் காதுக்கும் போகும்படி செய்யலாம். எந்தக் குழந்தையை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்ட பிறகு, 1972இல் புயல் எச்சரிக்கைத் தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். இப்போது அந்தத் தொண்டர்களில் சரிபாதி பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால்தான் உள்ளே இருக்கிற பெண் வெளியே வருகிறாள் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

முகாமுக்குப் போன பிறகும் பாருங்கள். நிவாரணப் பொருள் பட்டியலில் அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் இருக்கும். மாதவிலக்குத் துணி இருக்குமா? பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு மறைவிடம்? ராத்திரி பயமில்லாமல் போய்வர விளக்குள்ள கழிப்பறை? நிறைமாதக்காரிக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி? பட்டியல் போடுகிற இடத்தில் விஷயம் தெரிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் கேட்காமலே வரும். அந்த நாற்காலிக்குப் போகிற வழிதான் உங்கள் மகள் கேட்கிற படிப்பு.

முதல் சந்தேகம்: விடுவார்களா?

விடுவார்கள். முன்பெல்லாம் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்பில் சேரக் கூடாது என்று இருந்தது உண்மை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அதைத் தளர்த்திவிட்டது. அதன்படி மூன்று விதமாகப் படிக்கலாம். இரண்டையும் நேரில் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம் – ஆனால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். அல்லது இரண்டையுமே தபால் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். பிஎச்.டி.க்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

மேலகரத்துப் பெண்ணுக்கு நடுவில் சொன்னதுதான் தோது. பகலில் காலேஜ், இன்னொன்று தபால் வழியில்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் ‘இக்னோ’ என்கிறோமே, அதில் பேரிடர் மேலாண்மையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். குறைந்த பட்சம் ஆறு மாதம். பட்டம் முடித்தவர்களுக்கு இதிலேயே ஒரு வருஷ முதுநிலை டிப்ளமாவும் உண்டு. ஜனவரி, ஜூலை என்று வருஷத்தில் இரண்டு முறை சேர்க்கை. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை வேறொரு படிப்போடு சேர்த்துப் படிக்க இக்னோ தன் மாணவர்களுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்து வந்திருக்கிறது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, மகள் படிக்கிற காலேஜ் ஆபீஸில் விஷயத்தைச் சொல்லி, ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மானியக் குழு வழி விட்டாலும் நடைமுறையை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் வகுக்கிறது. இரண்டு, சேரப்போகிற படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, பாடமும் பரீட்சையும் எந்த மொழியில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் படித்து வந்த பெண்ணானால் இந்த மூன்றாவது ரொம்ப முக்கியம்.

ஊருக்கு ஊர், ‘பத்தே நாளில் டிப்ளமா, படித்ததும் அரசு வேலை’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை! வேலைக்கு உத்தரவாதம் கொடுக்கிற சான்றிதழ் என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

இரண்டாவது சந்தேகம்: கணக்குப் படிப்பு கெட்டுப் போகாதா?

அப்பாவின் கவலை நியாயமானது. அதைத் தள்ளிவிடக் கூடாது. பட்டம்தான் அடுப்பு, இது பக்கத்தில் வைக்கிற இன்னொரு பர்னர். அடுப்பு அணைந்துபோக விடக் கூடாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. படிப்பு 16 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 480 மணி. ஆறு மாதத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல் ஆகும். காலேஜும் போய், வீட்டு வேலையிலும் கை கொடுத்து, அதற்கு மேல் பதினெட்டு மணி என்றால் பெண் இளைத்துப்போவாள். அதையே ஒரு வருஷமாக நீட்டினால் வாரம் ஒன்பது, பத்து மணி. தினம் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி – தாங்கும். ஆறு மாதப் படிப்பை நிதானமாக இரண்டு வருஷம் வரை முடிக்க அவகாசம் கொடுக்கிறார்கள். அவசரம் எதற்கு?

இன்னொரு சௌகரியம். காலேஜ் செமஸ்டர் பரீட்சை பெரும்பாலும் நவம்பர், ஏப்ரலை ஒட்டி வரும். இக்னோ பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். காலேஜ் பரீட்சை முடிந்து லீவு விட்ட பிறகு வருகிற ஜூன் பரீட்சையைக் குறி வைக்கச் சொல்லுங்கள். நவம்பர் களைப்போடு டிசம்பரையும் எழுத வேண்டாம். காலேஜில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும், அந்த வருஷம் இதை ஒத்திப்போடுவது என்று முதலிலேயே அப்பாவிடம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். அப்பாவுக்கும் நிம்மதி.

அப்புறம், கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். ‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம்’ என்று பேப்பரில் போடுகிறார்களே, அதற்கு அர்த்தம் என்ன? நூறு வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம் என்றா? இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். 30 வருஷக் கடனில் ஆற்றங்கரையில் ஒருவர் வீடு கட்டுகிறார். கடன் தீருவதற்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு? உங்கள் மகளையே போடச் சொல்லுங்கள். நூற்றுக்கு இருபத்தாறு வரும். நாலில் ஒன்று! சிற்றாற்றங்கரையில் மனை வாங்க நினைக்கிறவருக்கு இதைச் சொல்ல, கணக்கும் தெரிய வேண்டும், வெள்ளமும் தெரிய வேண்டும்.

மற்ற படிப்புக்காரிகளுக்கும் இப்படித்தான். மனையியல் படிப்பவள் முகாமில் 500 பேருக்கு என்ன சமைப்பது, கைக்குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று திட்டம் போடுவாள். காமர்ஸ் படிப்பவள் நிவாரணப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குப் பார்ப்பாள். தமிழ் படிப்பவள் ‘அதி கனமழைக்கு வாய்ப்பு’ என்பதைப் படிக்காத பாட்டிக்கும் உறைக்கும்படி எழுதுவாள். நர்ஸிங் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் பட்டம் ஒழுங்காக இருந்தால்தான் இந்த இரண்டாவது படிப்புக்கு வேலை இருக்கிறது. அதனால்தான் ‘அதை விட்டுவிட்டு இதைப் படி’ என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது சந்தேகம்: வேலை உண்டா?

மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை கிடைப்பது கஷ்டம். பட்டத்தோடு சேர்ந்தால் மதிப்பு.

2005ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் உங்களுக்கும் அது பக்கத்திலேயே வந்துவிட்டது. அரசு அலுவலகங்கள் தவிர செஞ்சிலுவைச் சங்கம், தொண்டு நிறுவனங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள், தொழிற்சாலைகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என்று இந்த அறிவு தேவைப்படுகிற இடங்கள் பல. மேலே படிக்க விரும்பினால் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதிலேயே எம்.ஏ. இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது.

தைரியமும் உடல் வலுவும் உள்ள பெண்ணானால் இன்னொரு வழி. தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 1 பரீட்சையில் மாவட்டத் தீயணைப்பு அதிகாரி பதவியும் சேர்ந்தது. ஏதாவது ஒரு பட்டமும், குறிப்பிட்ட உடல் தகுதியும் வேண்டும். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் தீப்பிடித்தபோது, உள்ளே போய்ப் பலத்த தீக்காயம்பட்டும் பிழைத்து வந்தாரே ப்ரியா ரவிச்சந்திரன், அவர் அப்போது தீயணைப்புத் துறையின் பெண் அதிகாரியாக இருந்தவர்தான்!

வேலையே கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை என்று சமாதானம் சொல்ல நான் வரவில்லை. பணம் கட்டிப் படிக்க வைக்கிற பெற்றோருக்குக் கேட்க உரிமை உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: குறைந்த செலவில், சான்றிதழ் அளவில் முதலில் ஆரம்பிக்கட்டும். பட்டம் முடிகிறபோது ஆசை அப்படியே இருந்தால் டிப்ளமாவோ எம்.ஏ.வோ பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் மட்டும் போதாது

நீச்சலைப் புத்தகத்தில் படித்து என்ன ஆகப்போகிறது? கையும் காலும் பழக வேண்டிய படிப்பு இது. காலேஜிலேயே இருக்கிற நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் இவற்றில் ஏதாவது ஒன்றில் சேரச் சொல்லுங்கள். முதலுதவி வகுப்பு நடந்தால் விடக் கூடாது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்த மித்ரா’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆபத்துக்கு உதவும் நண்பன் என்று அர்த்தம். 18 முதல் 40 வயதுக்குள் உள்ள ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதலுதவி, மீட்பு, வெள்ளத்தில் எப்படி நடந்துகொள்வது என்று நேரடிப் பயிற்சி. பிறகு என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கென்று ‘யுவ ஆப்த மித்ரா’வும் வந்தது. உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

‘பயிற்சி என்று வெளியே தங்க வேண்டி வருமே’ என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். தெரிந்ததுதான். எங்கே தங்குகிறார்கள், கூட யார் வருகிறார்கள், பெண் பொறுப்பாளர் உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். சரியான பதில் வந்தால் அனுப்புங்கள். 1964இல் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி வந்தபோதும், ‘பொம்பளைப் பிள்ளைக்குக் காலேஜா’ என்று கேட்ட ஆச்சிகள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேத்திகள்தான் இன்று பட்டத்தோடு இன்னொன்றும் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் மகளுக்கு நீங்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படித்துவிட்டோம் என்ற தைரியத்தில் வெள்ளத்தில் குதிக்கக் கூடாது. ஆறு அங்குல உயரத்துக்கு வேகமாக ஓடுகிற தண்ணீரே ஓர் ஆளைத் தள்ளிவிடும். கயிறோ, கம்போ, காற்றடைத்த ட்யூபோ எறி, ஆளைக் கூப்பிடு, நீ இறங்காதே. பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்.

படிக்காதவர்களுக்கும் நாலு பாடம்

உங்கள் வீட்டில் இந்தப் படிப்புக்கு யாரும் போகாவிட்டாலும் இந்த நாலையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

1. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112. பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். செல்போனில் இருந்தால் போதாது. சார்ஜ் போன பிறகு என்ன செய்வீர்கள்?

2. வானிலை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதுதான் ‘அதி கனமழை’. ஆரஞ்சோ சிவப்போ சொன்ன நாளில் அருவிக்கும் ஆற்றுக்கும் போவதில்லை என்று வீட்டில் சட்டமே போட்டுவிடுங்கள்.

3. ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ்புக், பிள்ளைகள் சர்ட்டிபிகேட் இவற்றின் நகல், மூன்று நாளைக்கு மாத்திரை, டார்ச், தீப்பெட்டி, கொஞ்சம் ரொக்கம், மாதவிலக்குத் துணி – எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள்.

4. வெள்ளத்துக்குப் பின் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

மேலகரத்து அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஜூலைச் சேர்க்கைக்கு முன்னால் அப்பாவையும் மகளையும் உட்கார வைத்து, செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு, எந்த வருஷம் எந்தப் பரீட்சை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் எந்த ஓடை உடைந்தது, 1992 நவம்பரில் தாமிரபரணி எந்தெந்த ஊருக்குள் ஏறியது என்றெல்லாம் அவர்கள் தலைமுறைக்குத்தான் ஞாபகம் இருக்கும். மகளுடைய புத்தகத்தில் அது இருக்காது. அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பதே அவளுக்கு முதல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும்.

இப்படி இரண்டு படிப்பைச் சேர்த்துப் படித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள், சகோதரிகளே. எப்படி நேரம் ஒதுக்கினீர்கள், எங்கே சிரமப்பட்டீர்கள் என்று எழுதினால் பின்னால் வருகிற பெண்களுக்கு உபயோகமாக இருக்கும். அடுத்த இதழில், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிளஸ் டூ எழுத விரும்புகிற ஒரு சகோதரியின் கடிதத்தைப் பார்ப்போம்.